சும்மா கிடைப்பது சும்மா வந்ததல்ல!



ரெங்கம் என்று நான் சொன்னதும் பல்கலைக்கழகத்தில் பாதிப் பேர், “ஓ, சிம்பாங் ரெங்கமா?” என்று கேட்பார்கள். அது நெடுஞ்சாலைப் பக்கம். எங்கள் ரெங்கம் இரயில் பாதைப் பக்கம். குளுவாங்கிற்கும் லாயாங் லாயாங்கிற்கும் இடையில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறிய பட்டணம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு, அதன் பிறகு புகுமுகக் கல்வி என்று படித்து, இன்று கணினி அறிவியல் மாணவனாக உங்கள் முன் நிற்கிறேன். இந்த ஆண்டிதழில் கவிதை எழுதச் சொல்லித்தான் கேட்டார்கள். எனக்கு நடந்த ஒன்றை எழுதினால் இன்னும் பத்துப் பேருக்காவது பயன்படும் என்று எண்ணி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு நீண்ட விடுமுறையில் எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கணினி விளையாட்டை எழுதினேன். ல, ள, ழ குழப்பம் நமக்கே உண்டு; பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. திரையில் ஒரு சொல்லின் எழுத்துகள் கலைந்து கிடக்கும். பொருளைப் படித்து, எழுத்துகளைச் சரியாக அடுக்கினால் மணி அடிக்கும். அவ்வளவுதான்.

எழுதத் தொடங்கிய முதல் நாளே ஒரு சிக்கல். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலாம் ஆண்டு மாணவனைக் கேட்டால் மூன்று என்பான். கணினியைக் கேட்டால் ஐந்து என்றது! ஒருங்குறியில் அச்சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பதிவாகிறது. அதை மூன்றாகப் பிரிக்கக் கணினிக்குச் சொல்லித் தர வேண்டும். நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தன் நிரலகம் அந்த வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருப்பதைக் கண்டேன். எழுத்துருவுக்கு ‘லோகித் தமிழ்’ கிடைத்தது. சொற்களையும் பொருள் விளக்கங்களையும் தமிழ் விக்சனரியிலிருந்து எடுத்தேன். எல்லாமே இணையத்தில் சும்மா கிடைத்தன.

மூன்று வாரத்தில் விளையாட்டு தயார். முதல் திரையில் என் பெயரைப் பெரிதாகப் போட்டேன். கோப்புறை சுத்தமாக இருக்கட்டும் என்று தேவையில்லாத கோப்புகளை அழித்தேன். ‘லைசன்ஸ்’ என்று பெயரிட்டிருந்த கோப்புகளும் அவற்றோடு போயின. பிறகு விளையாட்டை விரலியில் ஏற்றிப் பள்ளியில் கொடுத்தேன். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். எனக்கும் பெருமைதான்.

நான்கு மாதம் கழித்து அத்தை மகள் ஒரு படம் அனுப்பினாள். ஜொகூரில் வேறொரு பட்டணத்தில் உள்ள டியூஷன் மையம் ஒன்று அதே விளையாட்டை விரலியில் ஏற்றி 25 ரிங்கிட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது. தலைப்பு மாறியிருந்தது. என் பெயர் இருந்த இடத்தில் மையத்தின் சின்னம்.

கொதித்துப் போனேன். நம் கழகத்தின் முன்னாள் உறுப்பினரும் இப்போது ஜொகூர் பாருவில் நிரலாளராகப் பணிபுரிபவருமான அக்கா ஒருவரை அழைத்துப் புலம்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ எந்த உரிமத்துல கொடுத்த, தம்பி?” என்றார்.

“உரிமமா? சும்மாதான்கா கொடுத்தேன்.”

“சரி, உன் கோப்புறைய அனுப்பு, பார்க்கிறேன்.”

அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். “உன் பேர எடுத்துட்டாங்கன்னு கோவப்படுற. நியாயந்தான். ஆனா ஓப்பன் தமிழ் எழுதினவங்க பேரு உன் விளையாட்டுல எங்க இருக்கு?”

என்னிடம் பதில் இல்லை. மையத்துக்காரர் எனக்குச் செய்ததைத்தான் நான் மற்றவர்களுக்குச் செய்திருந்தேன். அவர் காசு வாங்கினார். நான் கைதட்டல் வாங்கினேன். வேறுபாடு அவ்வளவுதான்.

உரிமையாளர் இல்லாத சொத்தா?

நம்மில் பலர் ‘திறந்த மூலம்’ என்றால் உரிமையாளர் இல்லாத சொத்து என்று நினைக்கிறோம். ஆற்றோரம் கிடக்கும் கல்லைப் போல, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறோம். முதலில் திருத்திக்கொள்ள வேண்டிய எண்ணம் இதுதான்.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்துப் பாதுகாக்கிறது. ஆம், ஒரு நாவலுக்குள்ள பாதுகாப்பு நீங்கள் எழுதும் நிரலுக்கும் உண்டு! அதற்காக எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. சொந்தமாக எழுதி முடித்தாலே உரிமை பிறந்துவிடுகிறது. படைப்பாளி வாழும் காலமும் அதன் பின் 50 ஆண்டுகளும் அது நீடிக்கிறது.

இதன் விளைவு என்ன? எந்த உரிமமும் இல்லாமல் இணையத்தில் கிடக்கும் நிரலைப் பார்க்கலாம், படிக்கலாம். ஆனால் சட்டமே விட்டுக்கொடுத்துள்ள சில தேவைகள் நீங்கலாக, அதைப் படியெடுக்கவோ மாற்றவோ பிறருக்குக் கொடுக்கவோ நமக்கு அனுமதி இல்லை. ‘உரிமம் இல்லை’ என்றால் ‘எல்லாருக்கும் பொது’ என்று பொருளன்று. ‘யாருக்கும் அனுமதி தரப்படவில்லை’ என்றே பொருள். ஊருக்கே கொடுத்துவிட்டதாக நான் நினைத்த விளையாட்டை, சட்டத்தின் பார்வையில் யாருக்கும் தெளிவாகக் கொடுக்கவே இல்லை. நல்லவர்கள் அதைத் தொடத் தயங்குவார்கள். மற்றவர்கள் தயங்க மாட்டார்கள். உரிமம் எழுதாமல் விடுவதால் நட்டம் நல்லவர்களுக்குத்தான்.

திறந்த மூல உரிமம் என்பது உரிமையாளர் எழுதித் தரும் அனுமதிக் கடிதம். “இது என்னுடையது. இன்னின்ன நிபந்தனைக்கு உட்பட்டு நீயும் பயன்படுத்து, மாற்று, பிறருக்குக் கொடு” என்கிறது அது. உரிமை அவரிடமே இருக்கிறது. அப்படி இருப்பதால்தான் நிபந்தனை போடவே முடிகிறது.

உரிமையை முழுதாக விட்டுக்கொடுப்பது வேறு. பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறி, இசைத்தட்டு உரிமை ஒரு கட்டத்தில் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதியின் பாட்டு ஒருவர் கையில் இருக்கலாமா என்று தமிழகத்தில் குரல் எழுந்தது. 1949இல் அன்றைய சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. இன்று பாரதியை அச்சிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அது பொதுவுடைமை. ஓப்பன் தமிழும் லோகித்தும் அப்படியல்ல. அவை உரிமையாளர் உள்ளவை. அவர் மனமுவந்து கதவைத் திறந்து வைத்திருக்கிறார். திறந்த வீட்டுக்குள் நுழையும்போதும் காலணியைக் கழற்றிவிட்டுத்தானே போகிறோம்?

உபயமும் உறைமோரும்

உரிமங்களைப் படிக்கச் சொன்னால் பலருக்குத் தூக்கம் வருகிறது. எனக்கும் வந்தது. ஆனால் அடிப்படையை நம் வீட்டுக் கணக்கிலேயே புரிந்துகொள்ளலாம்.

நம் ஊர்க் கோயில்களில் மின்விசிறியைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையில் ‘உபயம்’ என்று போட்டு, கொடுத்தவர் பெயர் எழுதியிருக்கும். காற்றை யாரும் வாங்கலாம். விசிறியை மண்டபத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்திற்கு மாற்றலாம். ஆனால் பெயரைச் சுரண்டிவிட்டு நம் பெயரை எழுத நமக்கு மனம் வருமா? எம்.ஐ.டி. உரிமம் இப்படிப்பட்டது. ஒரு பக்கத்திற்குள் அடங்கிவிடும். பயன்படுத்து, மாற்று, விற்கவும் செய். ஆனால் பதிப்புரிமை அறிவிப்பையும் இந்த உரிமத்தையும் உன் படிகளில் அப்படியே வைத்திரு என்கிறது. அது கேட்பது அந்த ஒன்றைத்தான். ஓப்பன் தமிழ் இந்த உரிமத்தில்தான் வெளியாகிறது. அந்த ஒரே நிபந்தனையைத்தான் நான் ‘சுத்தம்’ செய்து அழித்திருந்தேன்.

இன்னொரு வகை, குனு பொதுமக்கள் உரிமம். சுருக்கமாக ஜி.பி.எல். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். உரிமத்தின் முதல் பதிப்பு 1989இலும், இரண்டாவது 1991இலும், மூன்றாவது 2007இலும் வந்தன. இதை நான் உறைமோர் என்பேன். தயிர் உறைய அடுத்த வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்குகிறோம். தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். வாங்கிய நாம், நாளை கேட்பவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. ஜி.பி.எல். மென்பொருளை நீங்கள் மாற்றி உங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் ஒரு கடமையும் இல்லை. ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால், வாங்கியவருக்கு அதன் மூல நிரலும் கிடைக்க வழி செய்ய வேண்டும். உங்களுக்குக் கிடைத்த அதே உரிமைகளை அவருக்கும் தர வேண்டும். இடையில் ஒருவர் புகுந்து கதவைச் சாத்த முடியாது.

பலருக்கு வியப்பாக இருக்கும் செய்தி ஒன்று உண்டு. இவ்விரண்டு உரிமங்களுமே விற்பதைத் தடை செய்யவில்லை! ‘இலாபத்திற்குப் பயன்படுத்தக் கூடாது’ என்ற நிபந்தனை இருந்தால் அது திறந்த மூல உரிமமே ஆகாது. 1998இல் தொடங்கப்பட்ட திறந்த மூல முன்முயற்சி அமைப்பு வகுத்த பத்து விதிகளில், எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது என்பதும் ஒன்று. வணிகமும் அதில் அடங்கும். அந்த டியூஷன் மையம் விற்றதில் அல்ல, பெயரை அழித்ததில்தான் குற்றம் என்று அக்கா சொன்னபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. படித்துப் பார்த்தபோது அவர் சொன்னது சரியென்று புரிந்தது. நான் எம்.ஐ.டி.யைத் தேர்ந்திருந்தால், பெயரை வைத்துக்கொண்டு அவர் தாராளமாக விற்றிருக்கலாம். ஜி.பி.எல். என்றால், விற்றிருக்கலாம், ஆனால் வாங்கிய ஒவ்வொரு பெற்றோருக்கும் மூல நிரலைப் பெறும் உரிமையும், அதை இன்னொருவருக்கு இனாமாகக் கொடுக்கும் உரிமையும் சேர்ந்தே போயிருக்கும்.

மூன்றாவது, எழுத்துகளுக்கும் படங்களுக்கும் உரிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். தமிழ் விக்கிப்பீடியா, விக்சனரி ஆகியவற்றின் எழுத்துகள் ‘பெயர் குறிப்பிடு, அதே உரிமத்தில் பகிர்’ என்ற வகையைச் சேர்ந்தவை. ஒரு தனிச் சொல்லுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதிய பொருள் விளக்கத்தை அப்படியே எடுத்தால், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். எதை மாற்றினோம் என்று குறிப்பிட வேண்டும். மாற்றிய விளக்கத்தையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு பகுதி உண்டு. ‘உத்தரவாதம் ஏதும் இல்லை’ என்பது அது. சும்மா கொடுத்தவரை, “உன் மென்பொருளால் என் வேலை கெட்டது” என்று நாம் இழுத்துப் பிடிக்க முடியாதபடி அது காக்கிறது. அதுவும் நியாயந்தானே?

ஒரு பழைய குறுந்தட்டின் பாடம்

“இதெல்லாம் கணினி மாணவர்கள் கவலை; தமிழ்க் கழகத்திற்கு என்ன?” என்று கேட்பீர்கள். நம் கழக அறையின் அலமாரியில் பழைய ஆண்டிதழ்களின் கோப்புகள் கொண்ட குறுந்தட்டு ஒன்று இருக்கிறது. சென்ற பருவத்தில் அதைத் திறந்து பார்த்தோம். கட்டுரைகள் இருந்தன, ஆனால் திரையில் தெரிந்தவை பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள். ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்த காலத்தில் தட்டச்சு செய்யப்பட்டவை அவை. அந்த எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும். அது யாருடையது, அதைப் புதிய கணினிக்கு மாற்ற நமக்கு அனுமதி உண்டா என்று சொல்லும் ஒரு வரி கூட அக்குறுந்தட்டில் இல்லை. நம் மூத்த மாணவர்கள் இரவு பகலாக எழுதியவை உரிமம் தெரியாத ஓர் எழுத்துருவுக்குள் சிறைபட்டுக் கிடக்கின்றன.

எழுத்துருக்களின் உரிமமும் தனிக் கதை. லோகித் எழுத்துருக்களை ரெட் ஹாட் நிறுவனம் 2004இல் ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டது. ஆனால் எழுத்துரு என்பது ஆவணத்திற்குள்ளேயே பதிந்துவிடக் கூடியது. அப்படிப் பதித்தால் என் ஆவணமும் ஜி.பி.எல். ஆகிவிடுமா என்ற ஐயம் எழுந்தது. எழுத்துருக்களுக்கென்றே எஸ்.ஐ.எல். அமைப்பு எழுதிய திறந்த எழுத்துரு உரிமத்தின் 1.1 பதிப்பு 2007இல் வந்தது. அந்த எழுத்துருவைக் கொண்டு உருவாக்கும் ஆவணங்களை இவ்வுரிமம் கட்டுப்படுத்தாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. 2011இல் லோகித் இவ்வுரிமத்திற்கு மாறியது. இதன்படி எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். மாற்றியமைத்தால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். உரிமையாளர் ஒதுக்கி வைத்த பெயர் இருந்தால், மாற்றிய எழுத்துருவுக்கு அப்பெயரைச் சூட்டக் கூடாது.

தமிழ்த் தட்டச்சிலும் இப்படியொரு பயணம் உண்டு. பலரும் பயன்படுத்திய இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்ற மென்பொருளின் மேல் இயங்கின. கீமேன் அப்போது திறந்த மூலம் அன்று. பின்னர் இ-கலப்பையின் மூன்றாம் பதிப்பு தானே இயங்கும்படி புதிதாக எழுதப்பட்டு ஜி.பி.எல். உரிமத்தில் வந்தது. காலப்போக்கில் கீமேனும் திறந்த மூலமாயிற்று. ‘இலவசமாகக் கிடைக்கிறது’ என்பதற்கும் ‘நம் கையில் இருக்கிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இலவசம் நாளை நின்று போகலாம். உரிமம் தந்த பதிப்பை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது.

“யார் பார்க்கப் போகிறார்கள்?”

நண்பர்களிடம் இதைப் பேசினால் வரும் முதல் கேள்வி இது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டுக்கு யார் வழக்குப் போடப் போகிறார்கள்?

அமெரிக்காவில் விளையாட்டு இரயில்களை இயக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். ராபர்ட் ஜேக்கப்சன் அத்திட்டத்தை நடத்தியவர். கட்சர் என்பவரின் நிறுவனம் அதிலிருந்து சில கோப்புகளை எடுத்து, ஆசிரியர் பெயர்களையும் பதிப்புரிமை அறிவிப்பையும் விட்டுவிட்டுத் தன் விற்பனை மென்பொருளில் சேர்த்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. சும்மா கொடுத்த பொருளுக்கு நிபந்தனை செல்லுமா என்பதே கேள்வி. செல்லும் என்று 2008 ஆகஸ்டில் நீதிமன்றம் கூறியது. காசு கேட்காததனால் கொடுத்தவரின் நிபந்தனைக்கு மதிப்பில்லை என்றாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2010இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அத்தீர்ப்பு நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பொம்மை இரயிலுக்கு எழுதிய நிரலுக்கே அந்த மரியாதை உண்டென்றால், நம் பிள்ளைகளுக்கு எழுதும் நிரலுக்கு ஏன் இருக்கக் கூடாது?

ஆனாலும் நான் நீதிமன்றத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்த வரவில்லை. தமிழ்க் கணினித் துறையில் பெரும்பகுதி, பகலில் வேறு வேலை செய்துவிட்டு இரவில் தமிழுக்காக உட்காரும் தன்னார்வலர்களால் வளர்ந்தது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கிடைக்கும் ஒரே கூலி, பெயர். அதையும் அழித்தால், அடுத்த தலைமுறையில் யார் உட்காருவார்கள்?

இரண்டாவது கேள்வி எதிர்த் திசையிலிருந்து வருகிறது. “அப்படியென்றால் மென்பொருளை விற்பவர்களெல்லாம் தவறு செய்கிறார்களா?” இல்லவே இல்லை. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு இன்று ஆப்பிள் மெக்கிண்டோஷ் கணினிகளோடு சேர்ந்தே வருகிறது. உழைத்தவர் தம் படைப்புக்கு விலை வைப்பதும் அவர் உரிமை. விலை வைக்காமல் நிபந்தனை வைப்பதும் அவர் உரிமை. இரண்டையும் காப்பது ஒரே பதிப்புரிமைச் சட்டம்தான். திருட்டுப் படி எடுக்கக் கூடாது என்று ஒரு பக்கம் பேசிவிட்டு, திறந்த மூலத்தின் உரிமக் கோப்பை மறு பக்கம் அழிப்பது என்ன நியாயம்?

மூன்றாவது கேள்வி, “ஆங்கிலத்தில் இத்தனை பக்கம் இருந்தால் யார் படிப்பது?” என்பது. இது உண்மையான இடர்ப்பாடு. எனக்குத் தமிழ்ப்பள்ளித் தமிழும் இடைநிலைப்பள்ளி மலாயும் கைகொடுத்த அளவுக்குச் சட்ட ஆங்கிலம் கைகொடுக்கவில்லை. ஜி.பி.எல்.லின் மொழிபெயர்ப்புகள் அதிகாரபூர்வமானவை அல்ல. ஆங்கில மூலமே செல்லும். அதனால்தான் தமிழில் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது என்கிறேன். தமிழ்க் கழகம் பின் எதற்கு?

நாம் செய்ய வேண்டியவை

நம் அரசு 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒரு பல்கலைக்கழக மாணவன் உரிமக் கோப்பைக் குப்பை என்று நினைத்து அழிக்கிறான் என்றால், குறை திட்டத்தில் மட்டும் இல்லை; என்னிடமும் உண்டு, நம்மிடமும் உண்டு. ஆகவே நம் கழகத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, இந்த ஆண்டிதழையே எடுத்துக்கொள்வோம். கட்டுரையின் உரிமை எழுதியவருக்கே. கழகம் அதை அச்சிடவும், நாளை மின்னிதழாக வெளியிடவும் அவர் ஒப்புதலை எழுத்தில் வாங்க வேண்டும். ஒரு தாள் போதும். அந்தத் தாள் இல்லாததால்தான் பழைய இதழ்களை மின்வடிவில் வெளியிட இன்று தயங்கி நிற்கிறோம்.

இரண்டாவது, இதழையும் பதாகைகளையும் திறந்த எழுத்துரு உரிமம் கொண்ட ஒருங்குறி எழுத்துருக்களில் வடிவமைக்க வேண்டும். லோகித், நோட்டோ, கட்டுமரன் என்று இப்போது தேர்வுக்குப் பஞ்சமில்லை. எழுத்துருவின் பெயரையும் உரிமத்தையும் கடைசிப் பக்கத்தில் குறிப்பிட ஒரு வரி இடம் ஒதுக்குவோம்.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு மாலைப் பொழுது ஒதுக்கி, மூன்று உரிமங்களை வரி வரியாகத் தமிழில் வாசித்து விளக்கும் பட்டறை நடத்த வேண்டும். கணினி மாணவர்களும் சட்ட மாணவர்களும் சேர்ந்து நடத்தட்டும். இறுதியாண்டு ஆய்வுத் திட்டம் செய்வோருக்கு இது இன்னும் தேவை. பணியில் சேர்ந்த பின் வேலையின் பகுதியாக எழுதும் நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்கே உரியது. மாணவராக எழுதுவது யாருக்கு உரியது என்பதை உங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் உரிமம் வழங்கினால், நம்முடையதல்லாததைத் தானம் செய்ததாகிவிடும்.

நான்காவது, இன்றே செய்யக் கூடியது. உங்கள் கைப்பேசி ஆண்ட்ராய்டு வகை என்றால், அமைப்புகளுக்குள் சென்று சட்டத் தகவல் பகுதியில் திறந்த மூல உரிமங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். விரல் வலிக்கும் வரை தள்ளினாலும் முடியாது. அவ்வளவு பெரிய நிறுவனங்களே ஒவ்வொரு பெயரையும் சுமந்து வருகின்றன. நமக்கு மட்டும் அது சுமையா?

இனி என் கதையின் மிச்சம். அழித்த உரிமக் கோப்புகளையெல்லாம் மீண்டும் சேர்த்தேன். ‘நன்றி’ என்று ஒரு திரை வைத்து, ஓப்பன் தமிழ், லோகித், விக்சனரிப் பங்களிப்பாளர்கள் எல்லாரையும் குறிப்பிட்டேன். நான் எழுதிய நிரலுக்கு ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பைத் தேர்ந்தேன். என் உழைப்பு அடுத்தவர் கையிலும் பூட்டப்படாமல் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். பள்ளிக்குப் புதிய விரலியைக் கொடுத்து, பழையதில் இருந்த பிழையையும் சொன்னேன்.

பிறகு அந்த டியூஷன் மையத்திற்கு நேரில் போனேன். நடத்துபவர் மரியாதையாகத்தான் பேசினார். “இணையத்துல, விரலியில சுத்துறதெல்லாம் பொதுதானே, தம்பி?” என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் ஐயா என்று சொல்லிவிட்டு, புதிய பதிப்பையும் ஒரு கடிதத்தையும் கொடுத்தேன். நீங்கள் விற்கலாம், ஆனால் பெயர்களையும் உரிமத்தையும் வையுங்கள், வாங்குபவருக்கு மூல நிரல் கிடைக்கச் செய்யுங்கள் என்று எழுதியிருந்தேன். ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு, முதல் முறை தவறியவர் அறிவிப்புக் கிடைத்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் உரிமையை மீட்டுத் தருகிறது. அதே தவணையை நானும் கொடுத்தேன். இக்கட்டுரையை எழுதும் நாளில் இன்னும் பதினோரு நாள் மீதம் இருக்கிறது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகச் செம்பனைக் குலை வெட்டுபவர் அவர். “உன் உழைப்ப இன்னொருத்தன் விக்கிறான். நீ வித்துக்கோன்னு கடுதாசி கொடுத்துட்டு வர்ற. இதுக்கா படிக்க வெச்சேன்?” என்றார். அவர் வாழ்நாளெல்லாம் வெட்டிய குலையில் ஒன்றில்கூட அவர் பெயர் இருந்ததில்லை. அதனால் அவர் கோபம் எனக்குப் புரிந்தது. “அப்பா, அந்த விளையாட்டுல என் உழைப்பு மூனு வாரம். மத்தவங்க உழைப்பு பல வருசம். அவங்க எனக்குச் சும்மா கொடுத்தாங்க” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, “அப்போ அவங்க பேரெல்லாம் போட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

போட்டுவிட்டேன். நீங்களும் போடுங்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். வடம் பிடித்தவர்கள் யார் யார் என்று சொல்லிவிட்டு இழுப்போம்.